வாலட்டிலிட்டி ஃபண்டுக்கு வரி: சார்ட் ஒன்று, கணக்கு மூன்று

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்:

"வணக்கம் சார். ஐடி வேலையில் இருக்கிறேன். போன வருஷம் ஏப்ரலில் மார்க்கெட் விழுந்தபோது வாலட்டிலிட்டி ஃபண்டுகளில் கொஞ்சம் ட்ரேடிங் செய்தேன். யூவிஎக்ஸ்ஒய் வாங்கி விற்றதில் லாபம். விக்ஸ் கால் ஆப்ஷனில் நல்ல லாபம். விஎக்ஸ்எக்ஸ் புட் விற்றேன், அது அசைன் ஆகி, வந்த ஷேரை நஷ்டத்தில் விற்றேன். விலை இறங்கிவிட்டதே என்று அடுத்த வாரமே என் ராத் ஐஆர்ஏவில் (ஓய்வுகாலச் சேமிப்பு அக்கவுண்ட்) அதையே வாங்கினேன். பிப்ரவரியில் ப்ரோக்கர் அனுப்பிய 1099 படிவத்தை வைத்து ரிட்டர்ன் தாக்கல் செய்தாயிற்று. இப்போது கே-1 என்று ஒரு காகிதம் வந்திருக்கிறது. விற்று முடித்ததற்கு இது எதற்கு? எல்லாவற்றுக்கும் 60/40 போட்டுக்கொள்ளலாம் என்கிறார் நண்பர், சரியா? யூவிஎக்ஸ்ஒய் ஆப்ஷனும் இனி செய்யலாம் என்று இருக்கிறேன். அடுத்த வருஷம் கோயம்புத்தூருக்கே திரும்பிவிடும் யோசனையும் உண்டு."

அந்த கே-1 தவறுதலாக வரவில்லை, தயவுசெய்து ஓரமாக வைத்துவிடாதீர்கள். அதன் விவரம் அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்ஸுக்கும் போயிருக்கிறது. உங்கள் நண்பர் சொன்ன 60/40, அதாவது லாபத்தில் 60 சதவீதத்தைக் குறைந்த வரியுள்ள நீண்ட கால லாபமாக எடுத்துக்கொள்ளும் சலுகை, நீங்கள் செய்த மூன்று வகை வியாபாரத்தில் ஒன்றுக்கு முழுசாகப் பொருந்தும், இன்னொன்றில் ஒரு பகுதிக்கு மட்டும் பொருந்தும், மூன்றாவதற்குப் பொருந்தாது. மூன்றும் சார்ட்டில் ஒன்றுபோலவே ஏறி இறங்கும், உண்மைதான், ஆனால் வரிச் சட்டம் சார்ட்டைப் பார்ப்பதில்லை. உங்கள் கையில் இருப்பது சட்டப்படி என்ன என்றுதான் பார்க்கிறது: ஒரு வங்கி எழுதித் தந்த கடன் பத்திரமா, ஒரு பார்ட்னர்ஷிப்பில் பங்கா, அல்லது எக்ஸ்சேஞ்சில் நடக்கும் இன்டெக்ஸ் ஆப்ஷனா. வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. ஆனால் என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் மார்ச் மாதம், காகிதம் கைக்கு வந்தபிறகுதான் கேட்கிறார்கள்.

முதலில் ஒன்று தெளிவாக இருக்கட்டும். விக்ஸ் என்பதை யாராலும் வாங்க முடியாது, அது ஒரு எண். எஸ் அண்ட் பி 500 ஆப்ஷன்களின் விலையை வைத்து, அடுத்த 30 நாளில் மார்க்கெட் எவ்வளவு ஆடும் என்று சந்தை எதிர்பார்க்கிறது என்பதை சிகாகோவின் சிபிஓஈ எக்ஸ்சேஞ்ச் 2003 முதல் இப்படிக் கணக்கிட்டுச் சொல்லிவருகிறது. 2004-இல் அதன் மேல் ஃபியூச்சர்ஸ் (முன்பேர ஒப்பந்தம்) வந்தது, 2006-இல் ஆப்ஷன் (குறித்த விலைக்கு வாங்கும் உரிமை கால், விற்கும் உரிமை புட்) வந்தது. நீங்கள் வாங்கும் வாலட்டிலிட்டி ஃபண்ட் எல்லாம் அந்த ஃபியூச்சர்ஸின் போக்கைப் பின்பற்றுகிறவைதான். எந்த உறைக்குள் போட்டு உங்களுக்கு விற்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

சுலபமானது விக்ஸ் ஆப்ஷன், அதிலிருந்து ஆரம்பிக்கலாம். அது செக்‌ஷன் 1256 என்ற வரிச் சட்டப் பிரிவுக்குள் வரும். நீங்கள் மூன்றே நாள் வைத்திருந்தாலும் லாபத்தில் 60 சதவீதம் நீண்ட கால லாபம், 40 சதவீதம் குறுகிய கால லாபம். உங்கள் சம்பளம் 24 சதவீத அடுக்கில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், 10,000 டாலர் லாபத்துக்கு 6,000-க்கு 15 சதவீதம் 900, மீதி 4,000-க்கு 24 சதவீதம் 960, ஆக 1,860 டாலர் வரி. அதுவே சாதாரண குறுகிய கால லாபமாக இருந்தால் 2,400. நண்பர் சொன்ன விஷயம் இதுதான், இங்கே அவர் சொன்னது சரி. 1099-பி-யில் இது தனியாக, மொத்தத் தொகையாக வரும், அதை ஃபார்ம் 6781-இல் போட வேண்டும். ஆனால் இதற்கு ஒரு பதில் கடமையும் உண்டு. டிசம்பர் 31 அன்று கையில் இருக்கும் விக்ஸ் ஆப்ஷனை அன்றைய விலைக்கு விற்றதாகவே சட்டம் கருதும். நவம்பரில் 2,000 டாலருக்கு வாங்கிய கால், வருஷக் கடைசியில் 5,000-க்கு நின்றால், விற்காமலே 3,000-க்கு வரி உண்டு. ஜனவரியில் அது பூஜ்யமாகிப் போனால் அந்த நஷ்டம் அடுத்த வருஷக் கணக்கில் வரும்.

இனி யூவிஎக்ஸ்ஒய். ப்ரோஷேர்ஸ் நிறுவனத்தின் யூவிஎக்ஸ்ஒய், எஸ்விஎக்ஸ்ஒய், விக்ஸிஒய் மூன்றும் பார்ப்பதற்கு ஈடிஎஃப் (ஷேர்போல சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்ட்), வரிக்கு பார்ட்னர்ஷிப். அதாவது நீங்கள் ஷேர் வாங்கவில்லை, பங்குதாரராகச் சேர்ந்திருக்கிறீர்கள். ஃபண்ட் தன் ஃபியூச்சர்ஸில் சம்பாதித்ததிலும் இழந்ததிலும் உங்கள் பங்கை உங்கள் தலையில் எழுதி அனுப்புகிறது, அந்தக் காகிதம்தான் கே-1. ஃபண்ட் உங்களுக்கு ஒரு டாலர்கூட கையில் தராவிட்டாலும் அந்த வருமானம் உங்களுடையது. ஒரு வாரம் வைத்திருந்தவருக்கும் கே-1 வரலாம்.

எங்கே சறுக்குகிறார்கள் என்று காட்டுகிறேன், கணக்குக்கு எளிதான எண்களை வைத்துக்கொள்வோம். பிப்ரவரியில் 200 யூனிட் 20 டாலர் வீதம் 4,000 டாலருக்கு வாங்கினீர்கள். 2025 ஏப்ரல் 8 அன்று விக்ஸ் 50-ஐத் தாண்டி முடிந்ததே, அந்தச் சமயத்தில் 35 வீதம் 7,000-க்கு விற்றீர்கள். ப்ரோக்கர் அனுப்பிய 1099-பி-யில் லாபம் 3,000 என்று இருக்கும், அதை அப்படியே போட்டுத் தாக்கல் செய்துவிட்டீர்கள். இப்போது கே-1-ஐப் பிரித்துப் பார்த்தால், 11-ஆம் கட்டத்தில் சி என்ற குறியீட்டோடு 1,800 டாலர் செக்‌ஷன் 1256 லாபம், 5-ஆம் கட்டத்தில் 60 டாலர் வட்டி. (ஃபண்டின் நிர்வாகச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அதைத் தனிநபர் கழித்துக்கொள்ள 2018 முதலே வழியில்லை.) பலர் செய்வது என்ன? இந்த 1,860-ஐ வரி சாஃப்ட்வேரில் தட்டிவிட்டு, அந்த 3,000-ஐத் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். சம்பாதித்தது 3,000, வரி கட்டுவது 4,860-க்கு. அடுத்த வருஷமும் அதே, அதற்கு அடுத்த வருஷமும் அதே, யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள்.

சரியான கணக்கு இப்படி. உங்கள் பெயரில் எழுதப்பட்ட வருமானம் உங்கள் அடக்கவிலையில் ஏறிக்கொள்ள வேண்டும். 4,000-உடன் 1,860 சேர்த்தால் அடக்கவிலை 5,860. விற்றது 7,000, ஆக விற்பனை லாபம் 1,140 மட்டும்தான். இது சாதாரண குறுகிய கால லாபம், 60/40 கிடையாது. 1,800-க்கு மட்டும் 60/40, அதில் 1,080 நீண்ட காலம், 720 குறுகிய காலம். 60 டாலர் வட்டி. எல்லாம் கூட்டினால் அதே 3,000. பாதி பொருந்தும், பாதி பொருந்தாது என்று சொன்னது இதைத்தான். ப்ரோக்கர் இந்த அடக்கவிலைத் திருத்தத்தைச் செய்வதில்லை, அவரிடம் உங்கள் கே-1 கிடையாது. கே-1 கட்டின் பின்பக்கத்தில் விற்பனை அட்டவணை என்று ஒரு தாள் இருக்கும், எவ்வளவு கூட்ட வேண்டும், எவ்வளவு குறைக்க வேண்டும் என்று அதிலேயே இருக்கும். முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு அந்தத் தாளை விட்டுவிடாதீர்கள். அதை வைத்து, விற்பனைகளைக் காட்டும் ஃபார்ம் 8949-இல் அடக்கவிலையைத் திருத்திப் போட வேண்டும். நீங்கள் நஷ்டத்தில் விற்ற வருஷத்தில்கூட கே-1-இல் லாபம் எழுதியிருக்கலாம், ஃபண்ட் மாதக் கணக்கில் பிரித்துக் கொடுப்பதால் அப்படி ஆகும். பதறவேண்டாம், அந்த லாபம் அடக்கவிலையை ஏற்றி, விற்பனை நஷ்டத்தைப் பெரிதாக்கிவிடும்.

உங்கள் ரிட்டர்னை 1040-எக்ஸ் போட்டுத் திருத்த வேண்டும். முதல் ரிட்டர்ன் ப்ராசஸ் ஆகி முடியட்டும், அப்புறம் அனுப்புங்கள். கூடுதல் வரி வரும் என்று தெரிந்தால் பணத்தை மட்டும் ஏப்ரல் 15-க்குள் கட்டிவிடுங்கள், வட்டி ஏறாது. இனிமேல் இந்த வகை ஃபண்ட் ஒரு யூனிட் வைத்திருந்தாலும் பிப்ரவரியில் தாக்கல் செய்யாதீர்கள்.

விஎக்ஸ்எக்ஸ் வேறு கதை. அது பார்க்ளேஸ் வங்கி வெளியிடும் ஈடிஎன், அதாவது சந்தையில் வாங்கி விற்கும் கடன் பத்திரம். ஃபண்டே அல்ல, அடமானம் எதுவும் இல்லாமல் வங்கி உங்களுக்குத் தரும் வாக்குறுதி. அதனால் கே-1 வராது. 1099-பி போதும். வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்ட கால லாபம், இல்லையென்றால் குறுகிய காலம். 60/40 இல்லை. கணக்கு எளிது என்பதற்காகவே பலர் இதை விரும்புகிறார்கள், அதில் தப்பில்லை, ஆனால் வங்கி தடுமாறினால் உங்கள் காகிதமும் தடுமாறும் என்பதை நினைவில் வையுங்கள். 2022 மார்ச்சில் பார்க்ளேஸ் புது விஎக்ஸ்எக்ஸ் வெளியிடுவதை நிறுத்தியபோது, அதன் விலை இன்டெக்ஸ் காட்டும் மதிப்பை விட்டு விலகி ஓடியது.

நீங்கள் விற்ற புட்டுக்கு வருவோம். புட் விற்றவர், வாங்கியவர் கேட்டால் ஸ்ட்ரைக் என்ற குறித்த விலைக்கு யூனிட்டை வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் அசைன் ஆவது. 60 ஸ்ட்ரைக் புட்டை 4 டாலர் ப்ரீமியத்துக்கு விற்று, அசைன் ஆகி, 100 யூனிட் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த 400 டாலர் தனி வருமானம் ஆகாது. அது அடக்கவிலையைக் குறைக்கும், ஆக உங்கள் அடக்கவிலை யூனிட்டுக்கு 60 அல்ல, 56. அதை 50-க்கு விற்றால் நஷ்டம் 600. அசைன் ஆகாமல் புட் காலாவதி ஆகியிருந்தாலோ, நீங்களே திரும்ப வாங்கி முடித்திருந்தாலோ, வித்தியாசம் குறுகிய கால லாபம் அல்லது நஷ்டம். எத்தனை மாதம் திறந்து வைத்திருந்தாலும் குறுகிய காலம்தான், ஆப்ஷன் எழுதியவருக்கு விதி அப்படி.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் வருத்திய வரி அந்த ராத் ஐஆர்ஏ. நஷ்டத்தில் விற்றதற்கு முன்பின் 30 நாளில் அதையே வாங்கினால் வாஷ் சேல், நஷ்டத்தை அப்போதைக்குக் கணக்கில் எடுக்க முடியாது. சாதாரண அக்கவுண்டிலேயே வாங்கியிருந்தால் அந்த நஷ்டம் புது ஷேரின் அடக்கவிலையில் ஏறி, என்றாவது ஒருநாள் கிடைத்துவிடும். ஐஆர்ஏவில் வாங்கினால் அந்த வழியும் அடைபட்டுவிடுகிறது. ஐஆர்எஸ் 2008-இல் கொடுத்த தீர்ப்புரை இதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆக ராத்தில் அதே 100 யூனிட் வாங்கியிருந்தால் 600 டாலர் நஷ்டம் திரும்பவே வராது. ப்ரோக்கர் இதை 1099-இல் காட்டமாட்டார், ஏனென்றால் அவருக்கு அது வேறு அக்கவுண்ட், சிலசமயம் வேறு நிறுவனம். கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியது நீங்கள். விக்ஸ் ஆப்ஷனில் வருஷக் கடைசி மதிப்பீட்டில் வரும் நஷ்டத்துக்கு இந்த வாஷ் சேல் தொல்லை இல்லை.

அடுத்தது யூவிஎக்ஸ்ஒய்யின் மேல் எழுதப்பட்ட ஆப்ஷன். இதில் நிபுணர்களே இரண்டு பக்கமாக நிற்கிறார்கள். சட்டம் "ஈக்விட்டி ஆப்ஷன்" என்பதை ஸ்டாக்கின் மேல் அல்லது சில ஸ்டாக்குகளே அடங்கிய குறுகிய இன்டெக்ஸின் மேல் எழுதப்பட்டது என்று வரையறுக்கிறது, அப்படிப்பட்டதற்கு 1256 கிடையாது. யூவிஎக்ஸ்ஒய் பார்ட்னர்ஷிப் பங்கு, அது ஸ்டாக் அல்ல, ஆகவே அதன் ஆப்ஷனுக்கு 60/40 உண்டு என்று ஒரு வாதம். வாதம் பலமானதுதான், வரி ஆலோசகர்களில் ஒரு சாரார் வெளிப்படையாகவே அப்படிச் செய்கிறார்கள். ஆனால் ப்ரோக்கர்கள் பொதுவாக அதைச் சாதாரண ஆப்ஷனாகவே 1099-இல் காட்டுகிறார்கள், நீங்கள் வேறாகப் போட்டால் ஐஆர்எஸ்ஸின் கம்ப்யூட்டரில் இரண்டும் ஒத்துப்போகாது. என் ஆலோசனை: சில ஆயிரம் டாலர் விஷயம் என்றால் ப்ரோக்கர் காட்டியபடியே போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். தொகை பெரிதென்றால் 60/40 நிலைப்பாட்டை எடுக்கலாம், ஆனால் அதை எழுத்தில் விளக்கி வைத்து, ஒவ்வொரு வருஷமும், லாபத்துக்கும் நஷ்டத்துக்கும், டிசம்பர் 31 மதிப்பீட்டோடு சேர்த்து அதையே செய்ய வேண்டும். லாபம் வந்த வருஷம் 60/40, அடுத்த வருஷம் சௌகரியப்படி வேறு என்றால் அதை எந்த ஆடிட்டிலும் நான் ஆதரித்து நிற்கமாட்டேன்.

இதெல்லாம் சில நூறு டாலர் வித்தியாசத்துக்காகவா என்று நினைக்கலாம். 2018 பிப்ரவரி 5-ஐப் பாருங்கள். ஒரே நாளில் விக்ஸ் 17-இலிருந்து 37-க்குப் போனது. விக்ஸ் இறங்கும் என்று பந்தயம் கட்டும் இரண்டு பேர்பெற்ற காகிதங்கள் அன்று இருந்தன. எக்ஸ்ஐவி, கிரெடிட் சூயிஸ் வெளியிட்ட ஈடிஎன். எஸ்விஎக்ஸ்ஒய், ப்ரோஷேர்ஸின் பார்ட்னர்ஷிப். இரண்டும் தங்கள் மதிப்பில் மிகப்பெரும் பகுதியை ஒரே மாலையில் இழந்தன. எக்ஸ்ஐவி அதோடு மூடப்பட்டது, எஸ்விஎக்ஸ்ஒய் தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு பிழைத்தது. அடி ஒன்றுதான், ஆனால் வரியில் பாருங்கள்: எக்ஸ்ஐவியில் 90,000 டாலர் இழந்தவருக்கு வேறு மூலதன லாபம் இல்லையென்றால் வருஷத்துக்கு 3,000 வீதம்தான் கழிக்க முடியும், கணக்குப் போட்டால் முப்பது வருஷம். எஸ்விஎக்ஸ்ஒய் வைத்திருந்தவருக்கு நஷ்டத்தின் ஒரு பகுதி கே-1 வழியாக 1256 நஷ்டமாக வந்தது. அதை முந்தைய மூன்று வருஷம் வரை பின்னுக்குக் கொண்டுபோய், அந்த வருஷங்களின் 1256 லாபத்தில் கழித்து, கட்டிய வரியைத் திரும்பப் பெற முடியும். 2016-இலும் 2017-இலும் அதே ஃபண்டில் கே-1 லாபத்துக்கு வரி கட்டியவர்களுக்கு அது உயிர்காக்கும் பணம். ஃபார்ம் 6781-இல் ஒரு கட்டத்தில் டிக் போட்டுக் கேட்டால்தான் கிடைக்கும், தானாக வராது.

இன்னும் ஒன்று. யூவிஎக்ஸ்ஒய்யும் எஸ்விஎக்ஸ்ஒய்யும் ஒரே நேரத்தில் வைத்திருப்பது, யூவிஎக்ஸ்ஒய் வைத்துக்கொண்டு அதன் மேல் கால் விற்பது, இதெல்லாம் ஸ்ட்ராடில் விதிக்குள், அதாவது ஒன்றின் நஷ்டத்தை மற்றொன்று ஈடுகட்டும் ஜோடிகளுக்கான விதிக்குள் போகும். ஒரு பக்கத்தில் நஷ்டம் எடுத்துவிட்டு லாபமுள்ள பக்கத்தை அடுத்த வருஷத்துக்குத் தள்ளினால், அந்த லாபத்தின் அளவுக்கு நஷ்டம் நிறுத்திவைக்கப்படும். டிசம்பர் கடைசியில் வரி குறைக்கிறேன் என்று ஒரு பக்கத்தை மட்டும் விற்பதில் பயன் இல்லை.

நியூ ஜெர்சி ஸ்டேட் வரியில் 60/40-க்கு மதிப்பே இல்லை. அங்கே நீண்ட காலம், குறுகிய காலம் என்ற பாகுபாடு கிடையாது, நஷ்டத்தை அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோகவும் முடியாது, சம்பளத்தில் 3,000 கழிக்கவும் முடியாது. ஒரே வருஷத்தின் லாபமும் நஷ்டமும் தங்களுக்குள் கழிந்துகொண்டால் உண்டு, மீந்த நஷ்டம் போனது போனதுதான். ஆகவே எடிசனில் இருக்கும்வரை லாபமும் நஷ்டமும் ஒரே வருஷத்துக்குள் அமையும்படி பார்த்துக்கொள்வது நல்லது. ஃபெடரலில் கணவன் மனைவி வருமானம் 2,50,000 டாலரைத் தாண்டினால் இந்த லாபங்கள்மேல் 3.8 சதவீத முதலீட்டு வருமான வரியும் சேரும், 60/40 அதைக் குறைக்காது.

கோயம்புத்தூர் திரும்புவது பற்றி. நீங்கள் அமெரிக்க ரெசிடெண்ட் இல்லை என்று ஆனபிறகு, பங்குச்சந்தையில் வர்த்தகமாகும் பார்ட்னர்ஷிப்பை விற்றால், 2023 ஜனவரி முதல் அமலில் உள்ள விதிப்படி விற்ற மொத்தத் தொகையில் 10 சதவீதத்தை ப்ரோக்கர் பிடித்துவைக்க வேண்டும், விலக்கு உண்டு என்று ஃபண்ட் முறைப்படி அறிவிப்பு வெளியிட்டிருந்தால் ஒழிய. லாபத்தில் அல்ல, மொத்தத்தில். 30,000 டாலருக்கு நஷ்டத்தில் விற்றாலும் 3,000 போய்விடும், அதை ரெசிடெண்ட் அல்லாதவர்களுக்கான 1040-என்ஆர் ரிட்டர்ன் தாக்கல் செய்துதான் திரும்ப வாங்க வேண்டும். இங்கே இருந்தபோது சேர்த்த அக்கவுண்டை ஊருக்குப் போனபிறகும் வைத்துக்கொள்ள இந்தியாவின் அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமா இடம் கொடுக்கிறது. ஆனால் அங்கே போய் எல்ஆர்எஸ் (வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் இந்தியத் திட்டம்) வழியாகப் பணம் அனுப்பி இங்கே மார்ஜினில் (ஒரு பகுதிப் பணம் மட்டும் கட்டி) ஆப்ஷன் செய்ய அனுமதி கிடையாது. யூவிஎக்ஸ்ஒய் மாதிரி ஒன்றரை மடங்கு ஃபண்ட் நீண்ட நாள் வைத்திருக்கும் பொருளும் அல்ல, ஃபியூச்சர்ஸை மாற்றி மாற்றி வாங்குவதிலேயே கரைந்துவிடும். அதனால் கையில் மீதம் ஏதாவது இருந்தால் கிளம்புவதற்கு முன்பே, ரெசிடெண்டாக இருக்கும்போதே விற்று முடித்துவிடுங்கள். அடுத்த மார்ச்சில் வரும் கே-1 உங்கள் கைக்குக் கிடைக்கும்படி ப்ரோக்கரிடம் ஊர் விலாசத்தையும் கொடுத்துவையுங்கள்.